ஆடி வெள்ளமா, சித்திரைக் கிடையா?

ஒரு பையன் காணாமல் போகிறான். தேடி ஒரு பெண் எஸ்.ஐ. வருகிறார். இந்தக் கதையைத் தஞ்சாவூர்ப் பக்கம் எழுதுவதென்றால் எந்த மாதத்தில் வைப்பது? நானும் மன்னார்குடி அத்தானும் ஒரு வாரமாக இதில் மல்லுக்கு நிற்கிறோம். அவருக்கு ஆடி. எனக்குச் சித்திரை.

அத்தான் பக்கம் பலம் இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூரைத் திறந்தால், ஆடிப்பெருக்குக்கு ஆறு இரு கரையும் தொட்டு ஓடும். படித்துறையில் காதோலை, கருகமணி, காப்பரிசி, நிற்க இடமில்லாத கூட்டம். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். கடைசிப் படியில் ஒரு ஜோடிச் செருப்பு. "ஆத்தோட போயிட்டான்" என்று ஊரே அழுது முடித்துவிடும். தூக்கிப் போனவனுக்கு ஆறே சாட்சி சொல்கிறது. எஸ்.ஐ. முதலில் ஆற்றைத்தான் விசாரிக்க வேண்டும். மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் போய், அன்றைக்கு ஷட்டர் எவ்வளவு தூக்கியிருந்தது, எத்தனை கனஅடி போனது என்று கேட்கிறார். உடல் எந்த ரெகுலேட்டர் மதகில் ஆகாயத்தாமரையோடு ஒதுங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். அங்கே போனால் ஒன்றுமில்லை. இந்த அத்தியாயத்தை நினைத்தால் எனக்கும் கை பரபரக்கிறது.

ஆனால் அதோடு ஆற்றின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு வருவது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கடத்தல்.

சித்திரையில் அப்படித் தப்பிக்க முடியாது. ஆறு வெறும் மணல். சம்பா, தாளடி அறுத்த வயல் வெடித்துக் கிடக்கும். ராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டி வந்து, எருவுக்காக ராத்திரியில் வயலிலேயே அடைத்து, வயல் வயலாகக் கிடை போடுவார்கள். இன்றைக்கு இங்கே, நாலு நாளில் அடுத்த ஊர். பிள்ளையைக் காணோம் என்றதும் ஊர் அவர்கள் மேல்தான் பாயும். பாதி சரி, பாதி தப்பு. அந்தப் பாதிதான் என் கதை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, கடனுக்காகப் பிள்ளைகளை ஆடு மேய்க்க விட்டதும், அதிகாரிகள் அவர்களை மீட்டதும் செய்தியாக வந்ததை நம்மால் மறக்க முடியுமா? என் பையனையும் யாரும் தூக்கிப் போகவில்லை. அப்பனே முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான். ஸ்டேஷனுக்கு ஓடி வருவது, விஷயம் தெரியாத அப்பாயி, அப்பனைப் பெற்றவள்.

இங்கேயும் எஸ்.ஐ.க்குக் கணக்கு உண்டு. லஸ்கரின் ரிஜிஸ்டர் போல எழுதி வைத்தது இல்லை, விவசாயிகளின் ஞாபகம்தான். எந்த ராத்திரி யார் வயலில் கிடை, எவ்வளவு காசு. வயல் வயலாகக் கேட்டுக்கொண்டே போகிறார். கிடை பெயர்ந்த ஒரு வயலில், புழுக்கைக்கும் குளம்புத் தடத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கால்தடம், செருப்பில்லாமல். அந்த வெறுங்காலுக்கு முன்னால் படித்துறைச் செருப்பு எனக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. கீதாரியை மட்டும் வில்லனாக்கக் கூடாது. அவனும் யாரிடமோ கடன்பட்டவன்.

ஆடியோ சித்திரையோ, "ஒரு நாள் பொறுத்துப் பாருங்க" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பும் காட்சியை வசதிக்காக நுழைக்க மாட்டேன். குழந்தை காணோம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தலாகவே எடுத்துக்கொண்டு தேட வேண்டும் என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சித்திரைக் கதைக்கு இந்த விதிதான் உயிர். அப்பாயி கைநாட்டு வைத்த அன்றே எஃப்.ஐ.ஆர். விழுகிறது. மறுநாள் காலை அப்பன் வந்து நிற்கிறான்.

"கேஸெல்லாம் வேணாம் மேடம். மாமா வீட்டுக்குத்தான் போயிருப்பான்."

"எந்த மாமா?"

பதில் இல்லை.

இதை அத்தானிடம் சொன்னேன். பேசாமல் போனை வைத்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார்: "மாப்ளே, அந்த அப்பனுக்குக் கடன் எவ்வளவுன்னு வெச்சிருக்கே?"