அளவான டர்போ டியூனிங்: ரீமேப் முதலிலா, இன்டர்கூலர் முதலிலா?

டர்போ (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு ஓர் ஆசை சீக்கிரமே வந்துவிடும். ஓட்ட நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் நன்றாக இருக்குமே என்று. டர்போ இல்லாத இன்ஜினில் இந்த ஆசைக்குச் செலவு அதிகம், பலன் குறைவு. கேம்ஷாஃப்ட், மேனிஃபோல்ட், சைலென்சர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனாலும் கூடுவது கொஞ்சம்தான். டர்போவில் அப்படி இல்லை. மென்பொருளை மட்டும் மாற்றினாலே முறுக்குவிசை 15, 20 சதவீதம் ஏறிவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே தவறான இடத்தில் காசு போடுவதும் சுலபமாகிவிடுகிறது.

இங்கே பேசப்போவது இன்ஜினைப் பிரிக்காமல் செய்யக்கூடிய வேலைகளை மட்டும்தான். 400, 500 குதிரைத்திறன் கனவு உள்ளவர்களுக்கு இது போதாது.

ஒவ்வொரு பாகத்தையும் ‘எத்தனை குதிரைத்திறன் கூடும்’ என்று பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை குறைவு. தயாரிப்பாளர் ஒரே இன்ஜினை எல்லாருக்காகவும் அமைக்கிறார்: மட்டமான பெட்ரோல் போடுபவர், கொளுத்தும் வெயிலில் ஓட்டுபவர், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுபவர், 1500 மீட்டர் உயரத்து மலைப்பாதையில் ஏறுபவர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 16 சதவீதம் குறைவு. அதை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழல வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து அவர் ஒரு உபரியை ஒதுக்கி வைக்கிறார். டியூனர் நமக்கு விற்பது பெரும்பாலும் அந்த உபரியைத்தான். ஆகவே நான் கேட்கும் கேள்வி: இந்தப் பாகம் உபரியைத் தின்கிறதா, திருப்பித் தருகிறதா?

ரீமேப்பும் பிக்கிபேக் பெட்டியும்

இரண்டுமே பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, கூட்டுகின்றன. வேலை செய்யும் விதம்தான் வேறு.

ரீமேப் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குள் இருக்கும் அட்டவணைகளையே மாற்றி எழுதுவது. பூஸ்ட் எவ்வளவு, இக்னிஷன் எப்போது, எரிபொருள் கலவை எப்படி, எந்தக் கியரில் எவ்வளவு முறுக்குவிசைக்கு அனுமதி என எல்லாம் சேர்ந்து மாறும். ஒன்று மாறியது மற்றொன்றுக்குத் தெரியும்.

பிக்கிபேக் பெட்டி இசியூவைத் தொடாது. அதற்குப் போகும் செய்தியைத் திரித்துவிடும். பூஸ்ட் சென்சார் 1.2 பார் (அழுத்த அலகு) என்று சொன்னால், பெட்டி அதை 1.0 என்று இசியூவிடம் சொல்லும். இசியூவும் நம்பி, தன் இலக்கை எட்ட இன்னும் அழுத்தத்தைக் கூட்டும். பிரச்சினை அங்கேதான். இக்னிஷன் டைமிங்கை (பொறி விடும் நேரத்தை) இசியூ 1.0 பாருக்கு ஏற்றபடி வைத்திருக்கிறது. சிலிண்டருக்குள் போவதோ 1.2. நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜின் தட்டுவது) தொடங்கினால் நாக் சென்சார் பிடித்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். கடைசிக் காவலாக வைத்த சென்சாரை அன்றாட வேலைக்கு இறக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பெட்டியும் இப்படி மோசமில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிஎம்டபிள்யூக்காரர்களிடம் பிரபலமான ஜேபி4 போன்றவை காரின் உள்வலையமைப்பிலிருந்து பல அளவுகளைப் படித்துத் தங்களைத் திருத்திக்கொள்ளும். ஒரே ஒரு ஒயரில் புகுந்து உட்காரும் மலிவுப் பெட்டியை அதோடு சேர்க்கக் கூடாது.

‘சர்வீஸுக்கு விடும்முன் கழற்றிவிடலாம்’ என்பது பிக்கிபேக்கின் பெரிய விளம்பரம். கழற்றலாம்தான். ஆனால் வாரண்டியைக் காப்பாற்ற மறைத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், வாரண்டி முடியும்வரை காத்திருப்பதே மேல். ரீமேப்புக்கும் இது பொருந்தும்: ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் மாற்றிய மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்ற குறியீடு காரின் பதிவில் ஏறி, வாரண்டி மறுக்கப்படலாம். காப்பீட்டு நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

ஆக, இந்த இரண்டில் எனக்கு ரீமேப்தான். ஆனால் எந்த ரீமேப்?

கடையில் தயாராகக் கிடைக்கும் பல மேப்கள் 2000 ஆர்பிஎம்மிலேயே முறுக்குவிசையை உச்சத்துக்குத் தூக்கிவிடும். முதல் சோதனை ஓட்டத்தில் முதுகு சீட்டில் அறையும். ஓட்டியவர் உடனே காசைக் கொடுத்துவிடுவார். 5000-ஐத் தாண்டியதும் அதே இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். காரணம் சாதாரணக் கணக்கு. 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 3000 ஆர்பிஎம்மில் கிடைத்தால் அது சுமார் 150 குதிரைத்திறன். 6000-இல் கிடைத்தால் சுமார் 300. மேலே அந்த முறுக்குவிசையைத் தாங்கிப் பிடிக்கக் காற்று வேண்டும், அதைத் தருவது டர்போவின் அளவு. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ நல்ல உதாரணம்: 2 லிட்டர், 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் சுமார் 4400 ஆர்பிஎம் வரை. அதே குடும்ப இன்ஜினை வைத்து 300 குதிரைத்திறன் எடுத்த கோல்ஃப் ஆர் காருக்கு ஐஎஸ்20 டர்போவுக்குப் பதில் பெரிய ஐஎஸ்38 டர்போ தேவைப்பட்டது. சிறிய டர்போவை ரீமேப் செய்தால் நடுப்பகுதி பொங்கும், மேற்பகுதி அவ்வளவாக மாறாது.

அடிப்பகுதியில் பொங்கவைப்பதில் ஆபத்தும் உண்டு. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி ஊசி முறை டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை ஏற்றினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் சிக்கல் இருக்கிறது. பிஸ்டனையே உடைக்கக்கூடியது. 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயிலில் இதைக் குறைப்பதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. முறுக்குவிசை 3000 வாக்கில் நிதானமாக ஏறி, சிவப்புக் கோட்டை நெருங்கும்வரை வாடாமல் இருக்கும் மேப் காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். வளைவுகள் நிறைந்த சாலையில் ஆக்சிலரேட்டரை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து கொடுக்க முடிவது அதில்தான்.

இன்டர்கூலரும் டவுன்பைப்பும்

இப்போது சூட்டுக்கு வருவோம். டர்போ காற்றை அழுத்தும்போது அது சூடாகும். இன்ஜினுக்குள் போகும்முன் அதை ஆறவைப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. எவ்வளவு என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். 30 டிகிரி செல்சியஸ் காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்துகிறோம், கம்ப்ரஸரின் (டர்போவில் காற்றை அழுத்தும் பாகத்தின்) செயல்திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும் காற்று சுமார் 125 டிகிரி இருக்கும். ரீமேப் செய்து 1.3 பார் ஆக்கினால் 145-ஐத் தாண்டும். டர்போ தன் வசதியான எல்லையைக் கடந்து சுழன்றால் செயல்திறன் விழுந்து இன்னும் ஏறும். ரீமேப் விற்பவர் ‘வேறு எதையும் மாற்றத் தேவையில்லை’ என்று சொல்லும்போது இந்த 20 டிகிரியை யார் தலையில் கட்டுகிறார்? கம்பெனி போட்ட இன்டர்கூலர் தலையில்.

அது ஒருமுறை தாங்கும். இரண்டாம் முறையும் தாங்கலாம். தொடர்ந்து மூன்று நான்கு முறை முழு ஆக்சிலரேட்டரில் இழுத்தால் அதன் உலோகமே சூடேறி, காற்றைக் குளிர்விக்கும் திறன் சரியும். உள்ளே போகும் காற்று சூடாக, இசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க, காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறன் காணாமல் போகும். பானட்டைத் திறந்து ஆறவைத்து, மின்விசிறி வைத்து, திறனை அளக்கும் டைனோ கருவியில் எடுத்த தாளில் இது தெரியாது.

முதல் கணக்கின்படி 125 டிகிரியில் வரும் காற்றை 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் சுமார் 58 டிகிரிக்கு இறக்கும். 85 சதவீதத் திறனுள்ளது 44-க்கு. இந்த வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 4 முதல் 5 சதவீதம் கூடும். ‘வெறும் 5 சதவீதமா?’ என்று தோன்றும். டைமிங் பின்வாங்காமல் இருப்பது, நாக்கிங் எல்லை தள்ளிப்போவது, கடைசிச் சுற்றும் முதல் சுற்று போலவே இருப்பது என்று மீதி வரவு அந்த எண்ணுக்கு வெளியே இருக்கிறது. இன்டர்கூலர் உபரியைத் திருப்பித் தருகிறது.

குறை இல்லாமல் இல்லை. தனியாகப் போட்டால் டைனோவில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நண்பர்களிடம் காட்ட எதுவும் இருக்காது. அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டால் நிரப்பவேண்டிய கொள்ளளவு கூடி, பூஸ்ட் வருவது கொஞ்சம் தாமதமாகும். ரேடியேட்டருக்கு வரும் காற்றையும் மறைக்கும். காற்றைக் குளிர்வித்து இன்ஜினைச் சூடாக்கினால் என்ன லாபம்? பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போல இன்ஜினுக்கு மேலே உட்காரும் இன்டர்கூலரில் குழாய் குட்டை, மிதித்ததும் பதில் வரும். ஆனால் நெரிசலில் நின்றால் கீழிருந்து ஏறும் சூட்டைக் குடித்துவிடும். முன்பக்கம் மாற்றினால் சூடு போகும், குழாய் நீளும். பெரும்பாலும் சாலையில் ஓட்டுபவர் அதே இடத்தில் சற்றுப் பெரியதைப் போட்டாலே போதும் என்பது என் கருத்து.

டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் முதல் குழாய்) உண்மையில் நல்ல பொறியியல்தான். டர்பைனுக்கு (புகை சுழற்றும் சக்கரத்துக்கு) முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தில்தான் டர்போ சுழல்கிறது. பின்னால் தடை குறைந்தால் பூஸ்ட் சீக்கிரம் வரும், இன்ஜின் எளிதாகப் புகையைத் தள்ளும். உபரியைத் திருப்பித் தரும் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்.

பிறகு ஏன் தயங்குகிறேன்? பல கார்களில் அந்தக் குழாயில்தான் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சாலையில் ஓட்டுவது பல நாடுகளில் சட்டவிரோதம். புகைச் சோதனையில் மாட்டும், எச்சரிக்கை விளக்கு எரியும், பின்னால் நிற்பவருக்கு நாற்றம். 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் போட்டால் தடை குறையும், ஆனால் அதுவும் எல்லா ஊர்ச் சட்டத்திலும் தேறாது. இன்னொரு சிக்கல்: புகை தாராளமாக ஓடத் தொடங்கியதும் சில கார்களின் சிறிய வேஸ்ட்கேட் வால்வால் கூடுதல் புகையை டர்பைனைத் தவிர்த்துத் திருப்பிவிட முடியாமல், கேட்காமலேயே பூஸ்ட் ஏறிக்கொண்டு போகும். மேப்பை மாற்றாமல் டவுன்பைப் போடவே கூடாது. இன்டர்கூலருக்கு அந்த நிபந்தனை இல்லை.

மற்றவை

கூம்பு வடிவ ஏர்ஃபில்டர்: சத்தம் இனிமை, பலன் சொற்பம். மூடியில்லாமல் இன்ஜின் அறையில் வைத்தால் சூடான காற்றைத்தான் இழுக்கும். காற்றளவு சென்சார் இருக்கும் குழாயின் விட்டம் மாறினால் இசியூவின் கணக்கே தவறும். ப்ளோ ஆஃப் வால்வு (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சிய பூஸ்டை வெளியேற்றுவது): ‘பிஸ்ஸ்’ சத்தம், அவ்வளவுதான். கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றும் சைலென்சர் சத்தத்துக்காக மட்டும். சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டு வாங்கினால் அதில் தப்பே இல்லை.

பெரிய டர்போ இந்தப் பேச்சில் சேராது. அதற்கு இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், கிளட்ச் என்று ஒவ்வொன்றாகக் கூட வரும், தாமதமும் வரும். 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ, மிதித்தபின் காத்திருக்க வைத்தே பெயர் வாங்கிய கார். அந்தக் காத்திருப்பைக் குறைக்கப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். காசு கொடுத்து அதைத் திரும்ப வாங்குவானேன்?

யாரும் பேசாத ஒன்று ஸ்பார்க் பிளக். பூஸ்ட் கூடினால் பொறி தாண்டுவது கடினமாகும். உச்சத்தில் இன்ஜின் விக்கும். 0.8 மில்லிமீட்டர் இடைவெளியை 0.7 அல்லது 0.6-க்குக் குறைத்து, வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும், ஒரு படி ‘குளிர்ந்த’ பிளக் போடுவது மலிவான வேலை. எந்த மாற்றத்துக்கும் முன்னால் பூஸ்ட் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்றும் சோதித்துவிட வேண்டும்.

யாருக்கு எது?

தினசரி அலுவலகம், எப்போதாவது ஒரு நெடுஞ்சாலைப் பயணம் என்றால் பிளக் மாற்றி, அடக்கமான ரீமேப் செய்து நிறுத்திக்கொள்ளலாம். அங்கே இன்டர்கூலர் சூடேறும் அளவுக்கு யாரும் மிதிப்பதில்லை.

வெயில் அதிகமுள்ள இடம், மலைப்பாதை, எப்போதாவது டிராக் என்றால் வரிசையைத் திருப்பிப்போடுங்கள்: முதலில் இன்டர்கூலர். மேப்பை மாற்றாமலேயே கொஞ்ச காலம் ஓட்டிப் பாருங்கள். சூடான நாளில் காணாமல் போன குதிரைத்திறன் திரும்பி வருவதைப் பார்த்தபின் சிலருக்கு ரீமேப் ஆசையே அடங்கிவிடும். அடங்காதவர்களுக்கு, அதற்குப் பிறகு செய்யும் ரீமேப் இன்னும் நன்றாக அமையும்.

மேப் எழுதுபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எப்போதும் கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப் எழுதச் சொல்லுங்கள். 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 95 ஊற்றி ஓட்டுவது தினமும் உபரியைச் சுரண்டும் வேலை. 2500 ஆர்பிஎம்முக்குக் கீழே முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். டைனோ தாளோடு, சாலையில் அடுத்தடுத்து மூன்று இழுப்பில் எடுத்த பதிவையும் கேளுங்கள்: உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எவ்வளவு பின்வாங்கியது, கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும். மூன்றாம் இழுப்பின் பதிவைக் காட்டத் தயங்குபவரிடம் காரை விடவேண்டாம். மேனுவல் கியர் காராக இருந்தால், வேலை முடிந்ததும் நான்காம் கியரில் 3000-இலிருந்து முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது, மேப்பை ஒரு படி இறக்கச் சொல்லிவிடுங்கள்.