டயல் டோன் இல்லை: பினாங்கில் மூன்று நாள்

அண்ணன் வீட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து மூன்று நாள் ஆகியும் ஒரு மின்னஞ்சல்கூட இறங்கவில்லை. 1999 தைப்பூசத்துக்காக லண்டனிலிருந்து பினாங்குக்கு வந்திருந்தேன். என் மகள் முரசு அஞ்சலில் தமிழ் தட்டச்சுப் பழகி, பாட்டிக்கு முதன்முதலாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். அது மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருள் என்று அறிந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே பெருமை. தினமும் காலையில் சாமி கும்பிட்ட கையோடு வந்து, "பிள்ளையின் கடிதம் வந்துவிட்டதா?" என்று கேட்பார். என்ன பதில் சொல்வது?

மின்சாரத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. லண்டனில் உள்ள அதே மூன்று செவ்வகக் கால் பிளக்தான் இங்கேயும். அப்போது 240 வோல்ட், செருகியதும் விளக்கு எரிந்தது. அந்நாளில் கணினியின் மோடம் என்னும் கருவி, தொலைபேசிக் கம்பி வழியாக எண்ணைச் சுழற்றித்தான் இணையத்தோடு சேரும். அந்தக் கம்பிதான் காலை வாரியது. பிரிட்டனில் அதன் முனை அகலமாக, பக்கத்தில் கொக்கியோடு இருக்கும். அண்ணன் வீட்டுச் சுவரில் இருப்பதோ ஆர்ஜே-11 என்னும், கண்ணாடிபோல் தெரியும் சின்ன பிளாஸ்டிக் முனைக்கான துளை. இரு முனையும் ஆர்ஜே-11 ஆக உள்ள கம்பி கொம்தார் வணிக வளாகத்தில் ஆறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. அந்நாளில் வெளியூர் போகிற எல்லாரும் பையில் ஒன்று போட்டு வைக்க வேண்டியிருந்தது.

கம்பியை மாட்டிய பிறகும் திரையில் அதே செய்தி: பிழை 680, டயல் டோன் இல்லை. டயல் டோன் என்பது தொலைபேசியை எடுத்ததும் கேட்கும் ஒலி. அண்ணி தொலைபேசியை எடுத்துக் கேட்டார். ஒலி நன்றாகவே வந்தது. முதலில் போன கடைக்காரர் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இடி விழுந்து மோடம் கருகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார். லண்டனில் புறப்படும் முந்தின இரவுவரை வேலை செய்த மோடம் அது. சோதித்துப் பார்க்காமலே செலவு வைக்கிற அந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அடுத்த வரிசையில் ஒரு சிறு கடை. உள்ளே இருபது வயதுத் தமிழ்ப் பையன். அவன் விலை எதுவும் பேசவில்லை. கடைத் தொலைபேசியை எடுத்து என் காதில் வைத்தான். "அண்ணே, லண்டனில் கேட்கிற ஒலியும் இதுவும் ஒன்றா?"

கண்ணை மூடிக் கேட்டேன். இல்லை. லண்டன் ஒலியில் 350, 440 ஹெர்ட்ஸ் என இரண்டு சுருதிகள் கலந்து லேசாக அதிரும். இங்கே 425 ஹெர்ட்ஸில் ஒற்றைச் சுருதி, தம்புராவின் ஒரு தந்தியை மட்டும் விடாமல் மீட்டியதுபோல. அங்கே பழகிய மோடம் அந்த இரட்டை ஒலிக்காகக் காத்திருந்து, அது வராததால் இணைப்பே செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறது.

மருந்து எளியது. விண்டோஸ் 98-இல் கண்ட்ரோல் பேனலுக்குள் மோடம்ஸ் பகுதியைத் திறந்து, டயல் டோனுக்காகக் காத்திருக்கச் சொல்லும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் கூடுதல் அமைப்புகளுக்கான இடத்தில் எக்ஸ்3 என்று ஆங்கிலத்தில் இட வேண்டும். மோடம் டயல் டோனைத் தேடாமல் எண்ணைச் சுழற்றிவிடும். எதிர்முனை வேறு அழைப்பில் இருந்தால் மட்டும் கண்டுகொள்ளும். பையன் காசு வாங்க மறுத்துவிட்டான். வற்புறுத்தி ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடை. கணினி தன்னை இன்னும் லண்டனில் இருப்பதாகவே எண்ணி, எண்ணுக்கு முன்னால் வெளிநாட்டுக் குறியீடுகளைச் சேர்த்தது. இருப்பிடத்தை மலேசியா என்று மாற்றி, நாட்டு எண், வட்டார எண் இரண்டையும் நீக்கி, அண்ணன் கணக்கு வைத்திருந்த டிஎம்நெட் என்னும் இணைய நிறுவனத்தின் 1515-ஐ மட்டும் விட்டேன். இன்னொரு நிறுவனமான ஜாரிங்கில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அப்போது அது 1511. ஒரு கீச்சல், ஒரு கரகரப்பு, பிறகு அமைதி. கடிதம் இறங்கியது.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரைக்கு மிக அருகே வந்து, "அன்புள்ள அப்பாயி" என்ற வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஒற்றுப் பிழை ஒன்று இருந்தது. அதைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் கோலாலம்பூரில் இரண்டு இரவு விடுதியில் தங்கினேன். விடுதி அறைத் தொலைபேசி டிஜிட்டல் இணைப்பாக இருந்தால் மோடத்தை அதில் மாட்டவே கூடாது, மோடம் கெட்டுப்போகலாம். தொலைநகல் இயந்திரத்துக்கான இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். வெளி இணைப்புக்கு 9 அழுத்த வேண்டியிருந்தால், அதன் பின் ஒரு காற்புள்ளி இடுங்கள். மோடம் இரண்டு வினாடி நின்று தொடரும்.

அம்மாவின் பதிலை, பினாங்கில் கடிதம் இறங்கிய அன்று மாலையே தட்டச்சு செய்திருந்தேன். அனுப்பினால் போகவில்லை. வெளியாருடைய இணைப்பிலிருந்து வருவதை லண்டன் அஞ்சல் வழங்கி (சர்வர்) ஏற்கவில்லை. வெளிச்செல்லும் அஞ்சலுக்கு மட்டும் உள்ளூர் நிறுவனத்தின் வழங்கியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை மாற்றிக்கொண்டிருந்தபோது ஆயர் ஈத்தாம் மலைப் பக்கம் வானம் உறுமியது. அண்ணன் ஓடிவந்து சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவே இறங்கும், அவருடைய பழைய மோடம் அப்படித்தான் போயிற்று. மழை ஓய்ந்து, பத்தரை மணிக்கு மறுபடி மாட்டி அனுப்பினோம். அதுவரை அம்மா தூங்கப் போகவில்லை.