பழைய சந்தையா, புதிய சந்தையா: ஜார்ஜியாவும் மால்டோவாவும்

2006 மார்ச்சில் ஜார்ஜியா, மால்டோவா இரண்டின் ஒயினையும் ரஷ்யா தடை செய்தது. தரக்குறைவு என்று காரணம் சொன்னது. அரசியல் கோபம் என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். அன்று இரு நாடுகளுக்கும் ரஷ்யாதான் முக்கியச் சந்தை.

ஜார்ஜியா என்ன செய்தது? 2008-இல் ரஷ்யாவுடன் நடந்த போருக்குப் பின் இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவே இல்லை. ஆனாலும் 2012 கடைசியில் ஜார்ஜியாவின் சிறப்புப் பிரதிநிதி சூரப் அபாஷிட்ஸே மூலம் நேரடிப் பேச்சு தொடங்கியது. 2013-இல் ரஷ்யக் கதவு திறந்தது. விற்பனையும் வேகமாக ஏறியது, ஏனென்றால் அங்கே அந்த ஒயினைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அப்புறம் சீனாவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தமும் போட்டார்கள். 2018-இல் அது நடைமுறைக்கு வந்தது. இருந்தும் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இன்னும் ரஷ்யாவுக்கே போகிறது.

மால்டோவா மேற்கே திரும்பியது. 2013 செப்டம்பரில் ரஷ்யா மறுபடி தடை போட்டதும், ஐரோப்பிய ஒன்றியம் தன் ஒயின் சந்தையை 2014 ஜனவரியிலேயே திறந்துவிட்டது. மால்டோவாவை ஒன்றியத்தோடு அரசியலிலும் வணிகத்திலும் நெருக்கமாக்கும் சங்க ஒப்பந்தம் (Association Agreement) கையெழுத்தானதே அந்த ஜூனில்தான். சரி, சுங்கவரி போனால் மட்டும் யார் வாங்குவார்கள்? மால்டோவாவின் தேசியத் திராட்சை-ஒயின் அலுவலகம் நாட்டின் பெயரையே பொதுப் பெயராக வைத்துக் கண்காட்சிகளுக்குப் போய், வாங்குபவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

உடனடி வருமானம் ஜார்ஜியாவின் வழியில் இருக்கிறது. ஆனால் சிறு விவசாயியின் அறுவடையை ஒரே தலைநகரின் மனநிலைக்கு அடகு வைப்பது எனக்கு ஏற்பில்லை. மால்டோவாவின் வழிதான் என் தேர்வு.