சுரங்கப்பாதையில் பாதி விழித்த கண்: 1971 கார்வெட்டின் வெற்றிட விளக்குகளோடு ஒன்பது ஆண்டுகள்

டென்வரிலிருந்து மேற்கே மலையேறும் ஐ-70 நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. 1971 செவ்ரோலே கார்வெட்டை வாங்கிய முதல் கோடையில், அந்தச் சுரங்கத்தின் வாயை நெருங்கும்போது விளக்கு சுவிட்சின் குமிழை இழுத்தேன். இந்தக் காரின் முன்விளக்குகள் உடலுக்குள் படுத்து மறைந்திருக்கும்; குமிழை இழுத்தால் எழும். ஓட்டுநர் பக்க விளக்கு எழுந்து நின்றது. மற்றது பாதி உயரத்தில் நின்று, சாலையை விட்டுவிட்டுத் தரையை வெறித்தது. ஒன்றரை மைலுக்கும் மேல் நீளும் சுரங்கத்தை அப்படியே கடந்தேன். இந்த அமைப்பை அடிமுதல் நுனிவரை தெரிந்துகொண்டே தீருவது என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

முதலில் அது வேலை செய்யும் விதம். 1963 முதல் 1967 வரை வந்த கார்வெட்டுகளில் விளக்குகளைத் திருப்பியது மின்மோட்டார். 1968-ல் உடலமைப்பு மாறியபோது அந்த வேலை என்ஜினின் உறிஞ்சுவிசைக்குப் போனது. பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குள் காற்று போகும் குழாயமைப்பில்) உண்டாகும் வெற்றிடம், ஒருவழி வால்வு வழியாக ஒரு கொள்கலனில் சேமிக்கப்படுகிறது. அங்கிருந்து ரப்பர் குழாய்கள், உறிஞ்சலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று திருப்பிவிடும் ரிலே வால்வுகளுக்கும், ரிலேக்களிலிருந்து ஆக்சுவேட்டர்களுக்கும் போகின்றன. ஆக்சுவேட்டர் என்பது நடுவே ரப்பர் சவ்வு கொண்ட ஓர் உலோக டப்பா. சவ்வின் ஒரு பக்கம் உறிஞ்சினால் விளக்கு எழும். மறுபக்கம் உறிஞ்சினால் படுக்கும். விளக்குக்கு ஒன்று வீதம் இரண்டு ஆக்சுவேட்டர்கள். மூன்றாவது, கண்ணாடிக்குக் கீழே வைப்பர்களை மூடிவைத்திருக்கும் கதவுக்கு. இந்தக் கதவு 1972 வரைதான் இருந்தது. 1973-ல் பானட்டைப் பின்னோக்கி நீட்டி வைப்பர்களை அதன் அடியிலேயே மறைத்துவிட்டார்கள்.

மலையேற்றத்தில் மட்டும் விளக்கு சோர்ந்துபோனதற்கும் காரணம் இருந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போது கார்புரேட்டரின் வாய் திறந்துவிடுவதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் குறைகிறது. தவிர, ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் வெற்றிடம் ஏறத்தாழ ஓர் அங்குலப் பாதரசம் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) குறைந்துகொண்டே போகும். கடல்மட்டத்தில் 18 முதல் 20 அங்குலம் காட்டக்கூடிய நல்ல என்ஜின், டென்வரில் 14 அல்லது 15 காட்டினாலே திருப்திப்பட வேண்டும். இத்தகைய நேரங்களில் கைகொடுக்கத்தான் அந்தக் கொள்கலன். குழாய்களில் எங்கேனும் கசிவு இருந்தால் சேமிப்பு காலியாகிவிடும். தரையில் ஒழுங்காக எழும் விளக்கு மலையில் படுத்துவிடும்.

வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். இரண்டு விளக்கு ஆக்சுவேட்டர்களையும் மாற்றிக் கணிசமான தொகை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மலைப்பயணத்தில் அதே விளக்கு அதே இடத்தில் நின்றது. எந்தப் பாகம் கசிகிறது என்று அளந்து பார்க்காமல், கண்ணில் படும் பாகத்தை மாற்றிவிட்டார்கள். பழைய கார்களுக்கு நேரும் மிகப் பெரிய அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன். கழற்றிய பழைய ஆக்சுவேட்டர்களைக் கேட்டு வாங்கிவந்து பின்னர் சோதித்தேன். இரண்டும் பழுதில்லாதவை.

வழிகாட்டியவர் எங்கள் தெருவில் வசித்த, ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர். கையால் இயக்கும் வெற்றிடப் பம்பு ஒன்றை வாங்கச் சொன்னார். கூடவே ஒரு கைப்பிடி கோல்ஃப் டீக்களைத் தந்தார். கோல்ஃப் பந்தை வைத்து அடிக்கும் அந்த மரமுளைகள் இந்தக் குழாய்களின் வாயில் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும். எந்தக் கிளையை வேண்டுமானாலும் அடைத்துவிட்டு மீதியைச் சோதிக்கலாம். இந்த அமைப்பைப் பற்றி நான் கற்றவற்றில் பாதி அந்த முளைகளுக்குள் அடங்கிவிடும்.

நான் செய்த வரிசை இது. என்ஜினை ஓடவிட்டு, மேனிஃபோல்டிலேயே அளவைப் பார்த்தேன். 15 அங்குலம், குறையில்லை. ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதினேன்; ஒரு பக்கம் போனது, மறுபக்கம் அடைத்தது, நல்லது. பிறகு கொள்கலனை மட்டும் தனித்துப் பம்பால் 15 அங்குலத்துக்கு இழுத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன், பம்பின் அளவுமானி முள் அசையவில்லை. அடுத்து, வைப்பர் பக்கம் போகும் குழாயை முளையால் அடைத்துவிட்டு என்ஜினை ஓட்டிக் குமிழை இழுத்தேன். இரண்டு விளக்குகளும் ஒன்றாக, விருட்டென்று எழுந்தன. என் கைகள் நடுங்கிவிட்டன.

குற்றம் விளக்குகளில் இல்லவே இல்லை. வைப்பர் கதவின் ஆக்சுவேட்டரில் சவ்வு கிழிந்திருந்தது. மூன்று உறுப்புகளும் ஒரே ஊருணியில் நீர் எடுப்பவை. ஒன்று வீணடித்தால் மற்றவை வறண்டுபோகும். ஓட்டுநர் பக்க ஆக்சுவேட்டரின் இணைப்பு சற்றே இலகுவாக இருந்ததால் அது மிச்சமிருந்த விசையில் எழுந்துவிட்டது, மற்றதற்குப் போதவில்லை. நோய் தெரியும் இடமும் நோய் இருக்கும் இடமும் வேறு என்பதால், கிளை கிளையாகப் பிரித்துப் பார்க்காமல் இந்த அமைப்பில் எதையும் மாற்றக்கூடாது.

ஆக்சுவேட்டரைச் சோதிப்பது எளிது. ஒரு முனையில் பம்பால் இழுக்கும்போது மறுமுனை வழியாகக் காற்று உள்ளே ஓடினால் சவ்வு கிழிந்திருக்கிறது. சவ்வு நன்றாயிருந்தும், தண்டு வெளியே வரும் பக்கத்தில் மட்டும் முள் இறங்கினால் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. வளையத்தை மட்டும் மாற்றித் தப்பித்துவிடலாம்.

நான்காம் ஆண்டில் வேறொரு தொல்லை. என்ஜினைக் கிளப்பியவுடன், குமிழைத் தொடாமலே இரண்டு விளக்குகளும் எழுந்துகொள்ளும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, எனக்கோ எங்கே தேடுவது என்று உடனே தெரிந்தது. ரிலேக்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் மெல்லிய குழாயில் வெற்றிடம் இருக்கும்வரைதான் விளக்குகள் மூடியிருக்கும். கட்டளை அறுந்தால் விளக்கு திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இருட்டில் பழுதானாலும் ஓட்டுநருக்கு வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்ற அந்த நினைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். விளக்கு சுவிட்சின் பின்புறத்து வால்வில் கசிவு. சுவிட்சை மாற்றியதும் தீர்ந்தது. ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே, விளக்கை எரியவிடாமல் எழுப்ப ஒரு தனிச் சுவிட்ச் இருக்கிறது. அதையும் அதன் குழாயையும் சோதிக்காமல் டாஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்காதீர்கள்.

வைப்பர் கதவு இன்னொரு பாடம் தந்தது. கொலராடோவில் ஜூலை மாதப் பிற்பகல்களில் இடிமழை திடீரென்று கொட்டும். அப்படி ஒரு மழையில் கதவு முக்கால்வாசி திறந்தது, வைப்பர் அசையவில்லை. மோட்டார் போய்விட்டதென்று பயந்தேன். கதவு முழுதாகத் திறந்து எல்லைச் சுவிட்சைத் தொட்டால்தான் வைப்பருக்கு மின்சாரம் போகும். இல்லையென்றால் வைப்பரின் கைகள் கதவில் மோதிப் பெயின்டைச் சிதைத்துவிடும். குழாய்களைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் தூக்கிப் பார்த்தேன். கீல்களில் ஐம்பது வருடத்துக் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. சுரண்டித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தேன், அவ்வளவுதான். விளக்குகளுக்கும் இதே சோதனை பொருந்தும். கையால் அசைக்கும்போது சிக்கினால் வெற்றிடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

குழாய்களை ஆறாம் ஆண்டில் மொத்தமாக மாற்றினேன். முன்பே செய்திருக்க வேண்டும். பழைய ரப்பர் வெளியே பார்க்க நன்றாயிருந்தாலும் நுனியில் விறைத்து வெடித்திருக்கும். பச்சை, சிவப்பு எனக் கோடிட்ட குழாய்த் தொகுப்பாகவே கிடைக்கிறது. கோடில்லாத குழாயை மலிவாக வாங்கினால் எது எங்கே என்று பிறகு நீங்களே தடுமாறுவீர்கள்.

மின்மோட்டாருக்கு மாற்றிவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கான தொகுப்புகள் உண்டு; செவ்ரோலேவும் 1984 மாடலில் மின்மோட்டாருக்கே திரும்பியது. பந்தயத்துக்கான கேம்ஷாஃப்ட் (என்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) பொருத்தி, வண்டி நிற்கும்போது போதிய வெற்றிடம் தராத என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு அதுவோ, தனி மின்பம்போதான் வழி. தினமும் இரவில் ஓட்டுபவர்களையும் நான் தடுக்கமாட்டேன். ஆனால் சாதாரண என்ஜினோடு இருக்கும் காரில் இதைப் பிடுங்கி எறிவது எனக்கு ஒப்பவில்லை. இதேபோல் வெற்றிடத்தால் எழும் விளக்குகள் கொண்ட லோட்டஸ் எலான் என்ற பிரிட்டிஷ் காரில் சட்டகத்தின் முன் குறுக்குக் குழலையே வெற்றிடக் கொள்கலனாக ஆக்கியிருந்தார்கள். தனி மோட்டார் ஏதுமின்றி என்ஜினின் மூச்சிலேயே ஒரு வேலையை முடித்துக்கொள்ளும் அந்தக் காலத்துச் சிந்தனை, கழற்றி எறியக்கூடியதன்று.

இப்போது காரில் எப்போதும் பம்பு, ஆறு முளைகள், அரை மீட்டர் குழாய் இருக்கும். எதுவுமே முடியாவிட்டால் பானட்டைத் திறந்து விளக்கைக் கையால் தூக்கினால் மேலே பூட்டிக்கொள்ளும், வீடுவரை வரலாம். இந்த ஏப்ரலில் முழு அமைப்பையும் 15 அங்குலத்துக்கு இழுத்து அரை மணி நேரம் வைத்தேன். முள் 13-ல் நின்றது. பயணி பக்க விளக்கு இன்னமும் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாக எழுகிறது. கடந்த மாதம் சுரங்கத்தின் வாயில் குமிழை இழுத்தபோதும் அப்படித்தான் எழுந்தது, முழு உயரத்துக்கு.