சர்பத்துக்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர்: பத்து மாத அனுபவம்

போன வருஷம் சித்திரையில் நான் காய்ச்சிக் கொடுத்த நன்னாரி சர்பத்தில் 14 பாட்டில் கெட்டுப்போனது. பெருந்துறையில் இருக்கும் எங்கள் நங்கையா மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று நுரைத்து மேடை முழுக்க வழிந்துவிட்டதாம். "கள்ளு வாசம் அடிக்குது அம்மிணி, குடிக்கலாமா?" என்று போனில் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தியூரில் வேர் வாங்கி, தட்டி நடுத்தண்டை உருவிப் போட்டு, இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டிக் காய்ச்சியது. அத்தனை வேலையும் சாக்கடைக்குப் போனது.

வேரிலும் பாட்டிலிலும் குற்றம் இல்லை. பாகு நீர்த்துப்போயிருந்தது, அவ்வளவுதான். சர்பத் வெளியில் வைத்தும் கெடாமல் இருக்க 65 பிரிக்ஸ் வேண்டும். அதாவது 100 கிராம் சர்பத்தில் 65 கிராம் சர்க்கரை. கடையில் விற்கும் சர்பத்துக்கும் இதே 65-தான் குறைந்தபட்ச அளவு. அந்த அடர்த்தியில் ஈஸ்டுக்குத் தேவையான தண்ணீர் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கும், அதனால் அது வளராது. நான் அதுவரை இரண்டு விரலுக்கு நடுவே தொட்டுப் பிசுக்குப் பார்த்துத்தான் அடுப்பை அணைப்பேன். சூடாக இருக்கும்போது ஒரு மாதிரி ஒட்டும், ஆறினால் வேறு மாதிரி. கண்ணும் விரலும் போதாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வைகாசியில் பிரிக்ஸ் அளக்கும் இந்த டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டரை வாங்கினேன். கரும்பு வெட்டு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் குழல் மாதிரியான பிரிக்ஸ் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் தம்பிதான் இது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. மேலே சின்னக் குழி, குழியின் அடியில் கண்ணாடிப் பட்டகம். நாலைந்து சொட்டு விட்டுப் பொத்தானை அழுத்தினால் மூன்று விநாடியில் எண் வந்துவிடும். அடியிலிருந்து விளக்கு வெளிச்சம் பட்டகத்தின் வழியாகப் போய்ச் சர்பத்தைத் தொடுகிறது. சர்க்கரை கூடக்கூட அந்த வெளிச்சம் வளைகிற கோணம் மாறும். அதை உள்ளே இருக்கும் சென்சார் படித்து எண்ணாக்கித் தருகிறது. கண்ணைச் சுருக்கிக் கோடு பார்க்கிற வேலை இல்லை. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதால் இதுவே பெரிய நிம்மதி.

விலை 9,400 ரூபாய். ஆன்லைனில் வாங்கினேன். முதலில் வந்ததில் பட்டகத்தில் கீறல் இருந்தது, மாற்றித் தர 11 நாள் இழுத்தடித்தார்கள். இரண்டாவதாக வந்தது சுத்தமாக இருந்தது. இன்றுவரை மக்கர் செய்யவில்லை.

வாங்கும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. இதன் அளவு 0 முதல் 55 வரைதான். எனக்கு வேண்டியதோ 65. படபடவென்று வாங்கிவிட்டு முதல் நாள் சர்பத்தை விட்டால் எண்ணே வரவில்லை, அளவு மீறிவிட்டது என்று மட்டும் காட்டியது. அப்புறம் கணக்குப் போட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். தராசில் 50 கிராம் சர்பத், 50 கிராம் தண்ணீர் வைத்து நன்றாகக் கலக்கி அளப்பேன். 32.5 வந்தால் இரட்டித்து 65. டம்ளர் அளவில் கலந்தால் இந்தக் கணக்கு தப்பும், ஏனென்றால் சர்பத் தண்ணீரை விடக் கனம். எடை போட்டுத்தான் ஆக வேண்டும். கருவியில் 0.2 வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள், இரட்டிக்கும்போது அதுவும் 0.4 ஆகிவிடும். அதனால் நான் 65-ஐ ஒட்டி நிறுத்துவதில்லை, 66 வரை விடுவேன். 67-ஐத் தாண்டினால் வேறு தொல்லை: ஆறிய பிறகு பாட்டில் அடியில் கற்கண்டு மாதிரி படிந்துவிடும். அடுப்பை அணைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தப் படிவு குறைகிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ 860 கிராம் சர்க்கரை போட்டால் 65 வரும். நான் முன்பு போட்டது ஒன்றரை கிலோ. அதைக் கலந்த மட்டில் அளந்தால் 60-தான். காய்ச்சக் காய்ச்ச ஏறும், எவ்வளவு ஏறுகிறது என்பது அடுப்பின் தீயைப் பொறுத்தது. இத்தனை வருஷம் கெடாமல் இருந்தது வெறும் அதிர்ஷ்டம்.

அளக்கிற விதத்தில் கவனம் வேண்டும். முதலில் சுத்தமான தண்ணீரை விட்டுப் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரில் வைக்காதீர்கள். எங்கள் போரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,400-க்கு மேல். அந்த உப்பே 0.1 காட்டிவிடும், அதைப் பூஜ்ஜியம் என்று சொல்லிக் கொடுத்தால் அப்புறம் எல்லா எண்ணும் அந்த அளவு குறையும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கி வைத்திருக்கிறேன். கொதிக்கிற பாகை அப்படியே விடக் கூடாது. ஒரு கரண்டி எடுத்து மூடி வைத்து ஆறவிட வேண்டும். திறந்து வைத்தால் ஆவி போய் எண் கூடிவிடும். வாசலில் வெயிலில் வைத்து அளந்தாலும் தடுமாறும், கையால் நிழல் கட்டுங்கள். எவர்சில்வர் ஸ்பூன் பட்டகத்தில் பட்டால் கீறிவிடும், நான் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் ஸ்பூன் வைத்திருக்கிறேன்.

சர்பத்துக்காக வாங்கியது, கடைசியில் பானக்கத்துக்குத்தான் அதிகம் உழைத்தது. எங்கள் மாமாவுக்கு 71 வயது, சர்க்கரை வியாதி 12 வருஷமாக. டீயில் சர்க்கரையை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் வெயில் வந்துவிட்டால் பானையில் பானக்கம் இருக்க வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்துதான் போகிறது, அது உடம்பை ஒன்றும் செய்யாது என்பது அவர் நம்பிக்கை. அத்தை கைப்பிடிக் கணக்கில் கலப்பார்.

ஒரு நாள் அந்தப் பானையிலிருந்து நாலு சொட்டு விட்டேன். 13.1. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் விற்கும் கறுப்பு நிறச் சோடாவிலேயே 100 மில்லிக்கு 10, 11 கிராம்தான் போட்டிருக்கும். 200 மில்லி டம்ளரில் 27 கிராமுக்கு மேல், மாமா மத்தியானத்தில் இரண்டு டம்ளர் குடிப்பார். நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது நல்ல உடம்புக்காரர்களுக்கே.

மாமாவிடம் எண்ணைக் காட்டினேன். "ஏங் கண்ணு, நாக்குல வெச்சாத் தெரியாதா? இதுக்கு ஒரு மிசினு வேணுமா?" என்றார். அவர் நாக்கு நல்ல நாக்குத்தான். ஆனால் புளிப்பும் சில்லிப்பும் சுக்குக் காரமும் சேர்ந்தால் யார் நாக்கும் இனிப்பைக் குறைத்துத்தான் சொல்லும். எதிர்த்துப் பேசாமல், வாரம் ஒன்றிரண்டாகக் குறைத்தேன். 11, 9.5, 8. எட்டு வரை அவருக்குத் தெரியவே இல்லை. ஏழில்தான் "இன்னைக்கு யாரு கலக்குனது?" என்று கேட்டார். ஏலக்காயை ஒரு மடங்கு கூட்டியதும் அதுவும் அடங்கியது. இப்போது 6-ல் நிற்கிறது, ஒரே ஒரு டம்ளர், 12 கிராம். டாக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வைத்த பானக்கம் மட்டும் 10. வெயிலில் நடக்கிறவர்களுக்கு அது வேண்டும்.

எல்லாவற்றையும் இதில் அளக்க முடியாது. இதற்குச் சர்க்கரை, உப்பு, புளிப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, கரைந்திருப்பது எல்லாமே அதற்கு ஒன்றுதான். சர்க்கரையே போடாத எலுமிச்சைச் சாறை விட்டேன், 7.8 காட்டியது. பெரும்பாலும் புளிப்பின் வேலை. எங்கள் தோட்டத்து இளநீர் 5.2, அதில் உப்புச் சத்தும் சேர்த்திதான். பால் கலந்த காபி, ராகிக்கூழ், சந்தகைக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் எதிலும் நம்பாதீர்கள். கலங்கலும் கொழுப்பும் எண்ணைக் குழப்பும். தென்னையில் இறக்கிப் புளித்துவிட்ட நீராவிலும் அப்படியே, உள்ளே உண்டாகிற சாராயமும் வெளிச்சத்தை வளைக்கும், அதனால் மிச்சமிருக்கும் சர்க்கரையை விடக் கூடுதலாகக் காட்டும்.

வீட்டுக்காரர் இதைக் கரும்புக் காட்டுக்கும் எடுத்துப் போனார். அடிக்கணு 20.4, நடு 19.6, நுனி 15.8. அடிக்கும் நுனிக்கும் வித்தியாசம் குறைந்தால்தான் முற்றியது என்று கணக்கு, அதனால் வெட்டை இருபது நாள் தள்ளிப் போட்டார். நல்ல முடிவு. ஆனால் மார்கழியில் மழையால் ஆலையில் இடம் கிடைக்காமல் வெட்டிய கரும்பு நாலு நாள் கிடந்தது. அரைத்த கரும்புப் பாலை அளந்தால் 22.1. எல்லோருக்கும் சந்தோஷம். கொப்பரையிலிருந்து இறக்கிய நாட்டுச்சர்க்கரையோ உதிராமல் பிசுபிசுவென்று கிடந்தது. ஆலைக்காரர் மீட்டரைப் பார்க்கக்கூட இல்லை. "நாலு நாளு காஞ்ச கரும்புங்க, தண்ணி வத்துனா எண்ணு ஏறத்தானுங்க செய்யும்" என்றார். உண்மைதான். வெட்டிப் போட்ட கரும்பில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகிவிடும், அது உறையாது. மீட்டருக்கு மூன்றும் ஒன்றே. அன்றைக்கு வந்த விலை நஷ்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கரும்புக்கு மட்டும் வேண்டுமென்றால் குழல் மீட்டரே போதும், 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். சர்பத், ஜாம், தேன் பார்க்கிறவர்கள் 85 அல்லது 90 வரை அளப்பதைப் பார்த்து வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான் வரும். நான் இன்னொரு தடவை வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். சர்பத்துக்கு முன்பு காய்ச்சிய நெல்லிக்காய்ப் பாகு, தீபாவளிக்கு ஜீரா, எல்லாவற்றையும் எழுதி வைத்த நோட்டு பாதி நிரம்பிவிட்டது. இந்த வருஷத்து முதல் சர்பத் போன வாரம் இறக்கினேன். 66.2. பாட்டில் ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நங்கையாவுக்கு ஆறு பாட்டில் நாளைக்குப் பஸ்ஸில் போகிறது.