ஹைகுரோம் வார்ப்பு: சூட்டோடு பிரிப்பதா, மணலிலேயே ஆறவிடுவதா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் நான் வேலை பார்த்த ஃபவுண்டரியில் (வார்ப்பாலை) இந்த வாக்குவாதம் அடிக்கடி வரும். மணல் பெட்டி காலியானால்தான் அடுத்த மோல்டு (மணல் அச்சு), அதனால் சூட்டோடு நாக் அவுட் செய், அதாவது மணலை உடைத்து வார்ப்பை வெளியே எடு என்பார்கள். கிரே அயர்னுக்கு (சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு) அது பெரும்பாலும் ஒத்துவரும். ஹைகுரோம் எனப்படும், 27 சதவீத குரோமியம் கலந்த வெள்ளை இரும்புக்கு ஒத்துவராது. அது வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், வளைந்து கொடுக்கவும் தெரியாது, மெல்லிய இடம் ஆறிச் சுருங்கும்போது தடித்த இடம் இன்னும் கனன்றுகொண்டிருக்கும், அந்த இழுபறியில் விரிசல் விழும்.

ஒரு ஐப்பசி மழை இரவில் ஸ்லரி பம்பு (சேறு கலந்த நீரை இறைப்பது) ஒன்றின் இம்பெல்லரை, அதாவது சுழலும் இறக்கைச் சக்கரத்தை, சூட்டோடு எடுத்து ஷட்டர் பக்கம் வைத்தோம். ஈரக்காற்று பட்ட கொஞ்ச நேரத்தில் "டிங்" என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் நடுவிலுள்ள தடித்த ஹப்பிலிருந்து இறக்கை வரை முடி போல ஒரு கோடு. கத்திரி வெயிலில் காற்றே சூடுதானே, அப்போது பிரிக்கலாமே என்பவர்களும் உண்டு. 600 டிகிரி வார்ப்புக்கு 42 டிகிரி காற்றும் குளிர்காற்றுதான்.

மணலிலேயே விட்டால் விரிசல் பயம் வெகுவாகக் குறையும். ஆனால் தடித்த பகுதியில் பெர்லைட் என்ற மென்மையான உள்ளமைப்பு உருவாகி கடினத்தன்மை இறங்கும். பிறகு 950 முதல் 1050 டிகிரி வரை சூடாக்கி ஃபேன் காற்றில் ஆறவைத்தால் அதைத் திரும்பப் பெறலாம், ஏற்றும்போதும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவருக்குத்தான் இந்த வழி இடிக்கும்.

சரி, சில் (சூட்டை இழுக்க அச்சில் வைக்கும் உலோகத் துண்டு) வைத்தால்? அது வேறு கணக்கு. சில் உலோகம் உறையும் வேகத்தைக் கூட்டி கார்பைடு என்ற கடினத் துகள்களை நுண்ணியதாக்கும், தேய்மானத்தைத் தாங்க நல்லது. உறைந்த பிறகு விரிசலைத் தடுப்பது அதன் வேலையில்லை. சில்லில் துருவோ ஈரமோ இருந்தால் ஊதுதுளை (வாயு அடைத்த ஓட்டை) நிச்சயம். வளைவான இடங்களில் சில்லுக்குப் பதில் குரோமைட் மணல் வைப்பேன், விலை அதிகம் என்றாலும் சிலிக்கா மணலைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும்.

உறைவது வேகமாக, ஆறுவது மெதுவாக. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் எங்கள் வாக்குவாதமே. தடித்த இடத்தில் சில் வைத்து ஊற்றுவேன். அப்புறம் சூடு சுமார் 200 டிகிரிக்கு இறங்கும் வரை பெட்டியைத் தொடமாட்டேன், அதையும் இறக்கை நுனியில் அல்ல, ஹப்பில் அளந்து பார்த்துத்தான்.