சித்தாபுரா நர்சரிகளில் ஜெரேனியம்: எப்போது வாங்கலாம், எதைப் பார்த்து வாங்கலாம்

பெங்களூர் லால்பாக் பூங்காவை ஒட்டியுள்ள சித்தாபுரா நர்சரி வரிசையில் ஜெரேனியம் தாராளமாக வாங்கலாம், அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் போனால். ஆகஸ்ட் 15 மலர்க் கண்காட்சிக்குப் போன கையோடு, பூத்துக் குலுங்கும் தொட்டியைத் தூக்கி வருவது வேண்டாம். அது நடு மழைக்காலம். மண் காயவே காயாது; வேர் அழுகிவிடும்.

குளிர்நாடுகளில் உறைபனிக்குப் பயந்து ஜெரேனியத்தை வீட்டுக்குள் எடுத்து வைப்பார்கள். பெங்களூரில் டிசம்பர் இரவில் 15 டிகிரி வாக்கில்தான் இருக்கும், செடிக்கு அது சுகம். இங்கே காப்பாற்ற வேண்டியது ஏப்ரல் வெயிலிடமிருந்தும் அதற்குப் பின் வரும் மழையிடமிருந்தும்.

இந்த வரிசையின் பெரிய வசதி, கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிடலாம், பல இடங்களில் தமிழிலேயே பேரம் பேசலாம். குறை, வகைப் பெயர்ச்சீட்டு பெரும்பாலும் கிடையாது. நிமிர்ந்து வளரும் வட்ட இலை வகையா, தொங்கும் ஐவி வகையா என்பதை நாமேதான் பார்க்க வேண்டும். ஒரு கொத்து விரிந்து மற்றவை மொட்டாக இருக்கும் செடியே நல்லது. நிறமும் தெரியும், வீட்டுக்கு வந்தும் பூக்கும். கணுக்களுக்கு நடுவே இடைவெளி நீண்டிருந்தால் நிழலில் வளர்ந்தது, விட்டுவிடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள்: வட்ட வட்டமாகப் பழுப்புப் பொடி இருந்தால் துரு நோய். இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கியிருந்தால் பாக்டீரியா கருகலாக இருக்கலாம். அதற்கு மருந்தே இல்லை, பக்கத்துச் செடியையும் எடுக்காதீர்கள்.

உண்மையான பிரச்சினை மண்தான். நர்சரித் தொட்டியில் இருக்கும், செம்மண் கூடுதலாகச் சேர்ந்த கலவை நாலு தண்ணீருக்குள் இறுகிவிடுகிறது. ஒரு வாரம் நிழலில் பழக்கி, வெளி மண்ணை மெதுவாக உதிர்த்து 8 அங்குல மண்தொட்டிக்கு மாற்றுங்கள். அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (எடையற்ற வெள்ளைக் கல்பொரி) அல்லது பருமணல் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு போதும். தொட்டிக்கடியில் தட்டு வேண்டாம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை. யூரியா போட்டால் இலைதான் பெருக்கும். வாடிய பூங்கொத்தைக் காம்போடு ஒடித்து எடுங்கள். விட்டால் சாம்பல் பூசணம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

தாய்ச்செடி மழையைத் தாண்டாமல் போகலாம் என்பதால் பிப்ரவரியிலேயே கட்டிங் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பூக்காத நுனித்தண்டு 10 செ.மீ., கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு, அடி இலைகளை நீக்கி வெட்டு வாயை அரை நாள் நிழலில் உலர விடுங்கள். ஈரமான பெர்லைட், கோகோபீட் சம அளவில் நட்டு, பிரகாசமான நிழலில் வைத்தால் 3 முதல் 4 வாரத்தில் வேர் பிடிக்கும். மற்றக் கட்டிங்குக்குப் போல பாலிதீன் கவர் மூடினால் இலை அழுகும். அடித்தண்டு கறுத்தால் ஈரம் மிகுந்துவிட்டது. அந்தக் கலவையோடு சேர்த்து எறியுங்கள். ஜூனில் இந்த இளஞ்செடிகளை மழை படாத, காற்றோட்டமான பால்கனிக் கூரைக்கடியில் வையுங்கள். ஐவி வகையின் இலையடியில் சொரசொரப்பான புடைப்பு வந்தால் நோயல்ல, தண்ணீரைக் குறைத்தால் புது இலை சரியாக வரும்.

விற்பனைக்காகப் பத்து, இருபது தாய்ச்செடி வாங்குபவர்கள் ஒவ்வொரு செடியை வெட்டிய பின்பும் பிளேடை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஆப்பு வடிவக் கருகல் ஒரு செடியிலிருந்து கட்டிங் நட்ட மொத்தத் தட்டுக்கும் பரவுவது அந்தப் பிளேடு வழியாகவும்தான்.